ஒலிம்பிக் வந்தால் ஊருக்கு லாபமா? ஒரு வியாபாரக் கணக்கு



ஒலிம்பிக் விளையாட்டுப் போட்டியை இந்தியாவில் நடத்த வேண்டும் என்பது இப்போது மேடைப் பேச்சோடு நிற்கவில்லை. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் கமிட்டிக் கூட்டத்தில், 2036ஆம் வருட ஒலிம்பிக்கை நடத்த இந்தியா ஆசைப்படுகிறது என்று பிரதமர் அறிவித்தார். 2024 அக்டோபர் 1ஆம் தேதி அதற்கான விருப்பக் கடிதத்தை இந்திய ஒலிம்பிக் சங்கம் கொடுத்தது. ஆமதாபாத் நகரம் முன்னிறுத்தப்பட்டிருக்கிறது. அதற்கு வெள்ளோட்டம் போல, 2030ஆம் வருடக் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி ஆமதாபாத்துக்குத்தான் என்று 2025 நவம்பர் 26ஆம் தேதி கிளாஸ்கோவில் முடிவாயிற்று.

அரிசி, பருப்பு விற்கிற நமக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். வேலை இருக்கிறது. போட்டிக்குச் செலவாகும் பணம் வரிப்பணம். அந்த வரியை வசூலித்துக் கட்டுகிற முதல் கை நம் கை. போட்டி நடக்கும்போது அடைக்கப்படும் தெரு, கடைத்தெரு. போட்டி முடிந்தபின் கடனுக்காக எந்தப் பொருள்மேல் வரி ஏறும் என்றால், அதுவும் நம் கடையில் இருக்கும் பொருள்தான். ஆகவே இந்தக் கணக்கைப் பார்க்க நமக்கு முழு உரிமை உண்டு. விளையாட்டு நிபுணர்கள் பார்ப்பது போல அல்லாமல், பேரேட்டில் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம் என்று எழுதிப் பார்ப்போம்.

ஏலத்தில் நிற்கும் நகரங்கள்

ஒலிம்பிக்கைக் கேட்பது என்பது ஏறக்குறைய ஏலத்தில் நிற்பதுதான். சரக்கு ஒன்று. கேட்பவர்கள் பலர். ஏலக் கடையில் நாம் பார்த்திருக்கிறோம். நாலு பேர் போட்டி போட்டால், சரக்கின் நியாய விலைக்கு யாரும் எடுப்பதில்லை. அதிகம் ஆசைப்பட்டவரே எடுக்கிறார். எடுத்தபிறகு மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு முகம் வாடுகிறார்.

இன்னொன்றும் உண்டு. கல்யாணத் தேதி குறித்துப் பத்திரிகையும் கொடுத்தபிறகு பந்தல்காரரிடமும் சமையல்காரரிடமும் பேரம் பேச முடியுமா? அவர் சொன்னதுதான் விலை. ஒலிம்பிக்கின் தேதியும் அப்படியே. உலகத்துக்கே பத்திரிகை கொடுத்தாகிவிட்டது. சிமெண்ட் விலை ஏறினாலும், கட்டடம் பாதியில் நின்றாலும், நாளைத் தள்ளிப் போட முடியாது. கடைசி ஆறு மாதத்தில் கேட்ட விலையைக் கொடுத்துத்தான் முடிக்க வேண்டும். 1960க்குப் பிறகு நடந்தவற்றில் கணக்குக் கிடைத்த ஒலிம்பிக் போட்டிகளை எல்லாம் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தார்கள். அவற்றில் ஒன்றுகூட முதலில் போட்ட மதிப்பீட்டுக்குள் முடியவில்லை என்று கண்டார்கள். எந்த வியாபாரத்திலாவது இப்படித் தப்பாமல் மதிப்பீடு தவறுவது உண்டா என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாவதாக, ஒப்பந்தத்தின் தன்மை. கூடுதல் செலவு வந்தால் அதைத் தாங்க வேண்டியது போட்டியை நடத்தும் நகரமும் அதன் அரசாங்கமும். டெலிவிஷன் உரிமையை விற்பது ஒலிம்பிக் கமிட்டி. அதிலிருந்து நடத்தும் ஊருக்கு ஒரு பங்கு தருகிறார்கள் என்பது உண்மை. ஆனால் நஷ்டத்தில் பங்கு கிடையாது. லாபத்தில் கூட்டு, நஷ்டத்தில் தனி என்று ஒரு பங்குதாரர் வந்து கேட்டால் நம்மில் எத்தனை பேர் கையெழுத்துப் போடுவோம்?

சிகரெட்டில் கட்டிய கடன்

கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரம் 1976ஆம் வருடம் ஒலிம்பிக் நடத்தியது. இந்தப் போட்டியில் நஷ்டமே வராது என்று அந்த ஊர் மேயர் அடித்துச் சொன்னார். போட்டி தொடங்கியபோது பெரிய மைதானத்தின் கோபுரமே கட்டி முடியவில்லை. அது முடிந்தது 1987ல். கடன் சுமார் 150 கோடி கனடா டாலர் நின்றது. அந்தக் கடனைத் தீர்க்க அம்மாகாண அரசு புகையிலைப் பொருள்கள்மேல் தனி வரி போட்டது. கடைசித் தவணை கட்டித் தீர்ந்தது 2006ஆம் வருடம். பதினைந்து நாள் விளையாட்டுக்கு முப்பது வருடம் தவணை. அந்த முப்பது வருடமும் பெட்டிக்கடையில் சிகரெட் வாங்கியவர்தான் ஒலிம்பிக் கடனைக் கட்டினார். கல்லாவில் உட்கார்ந்து அதை வசூலித்துக் கொடுத்தவர் கடைக்காரர்.

கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரம் 2004ல் நடத்தியது. ஒலிம்பிக் பிறந்த நாடு என்ற பெருமை வேறு. போட்டி முடிந்த சில வருடங்களிலேயே பழைய விமான நிலைய நிலத்தில் கட்டிய ஹாக்கி, சாப்ட்பால் மைதானங்களில் புல் முளைத்துக் கிடந்தது. அந்த நாடு பிறகு கடனில் மூழ்கியதற்கு ஒலிம்பிக் மட்டும் காரணம் அல்ல. அப்படிச் சொன்னால் தவறு. ஆனால் ஏற்கெனவே கைமாற்று வாங்கிக் கொண்டிருந்த வீட்டில் கடன் வாங்கிக் கல்யாணம் செய்தது போல ஆயிற்று என்பதை யாரும் மறுப்பதில்லை.

பிரேசில் நாட்டின் ரியோ நகரம் 2016ல் நடத்தியது. போட்டிக்குச் சில வாரங்கள் முன்பு, கையில் பணம் இல்லை என்று ரியோ மாநில அரசு நிதி நெருக்கடி நிலையை அறிவித்தது. டோக்கியோ 2013ல் இடம் கேட்டபோது சொன்ன செலவு 73,400 கோடி யென். முடிவில் வந்த கணக்கு 1,42,000 கோடி யென். கொரோனாவால் ஒரு வருடம் தள்ளி 2021ல் நடந்த அந்தப் போட்டியைக் காண மைதானங்களில் ஏறக்குறைய ஆளே இல்லை. வெளியூர்க் கூட்டத்தை நம்பிச் சரக்கு எடுத்த கடைக்காரர்களின் நிலையை நாம் ஊகித்துக் கொள்ளலாம்.

லாபம் பார்த்த ஊரும் உண்டு

ஒரு பக்கத்தை மட்டும் எழுதினால் அது கணக்காகாது. லாபம் பார்த்த ஊரும் உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் 1984ல் நடத்தியபோது 20 கோடி டாலருக்கும் மேல் மிச்சப்பட்டது. அது எப்படி முடிந்தது? மாண்ட்ரியல் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, 1984க்கு வேறு ஊர்கள் முன்வரவில்லை. ஏலத்தில் நிற்பவர் ஒருவரே என்றால் விலை அவர் கையில் அல்லவா? நகரத்தின் பணத்தைப் போட்டிக்குக் கொட்டக்கூடாது என்று அந்த ஊர் மக்கள் 1978ல் ஓட்டுப் போட்டே கட்டுப்படுத்தினார்கள். நஷ்டத்துக்கு நகரம் பொறுப்பல்ல என்ற நிபந்தனையை ஒலிம்பிக் கமிட்டி ஒத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த மைதானங்களையும் பல்கலைக்கழக விடுதிகளையும் பயன்படுத்தினார்கள். புதிதாகக் கட்டியது கொஞ்சம். ஆக, லாபம் விளையாட்டினால் வந்ததைவிட, நிபந்தனையினாலும் சிக்கனத்தினாலும் வந்தது என்று சொல்வதே பொருத்தம்.

ஸ்பெயின் நாட்டின் பார்சலோனா 1992ல் நடத்தியது. அங்கே செலவின் பெரும் பகுதி மைதானத்துக்குப் போகவில்லை. சுற்றுச்சாலை, கடற்கரை, பாழடைந்த தொழிற்சாலைப் பகுதியைச் சீர்திருத்துவது ஆகிய வேலைகளுக்குப் போயிற்று. இவை எல்லாம் ஊருக்கு எப்படியும் தேவையாக இருந்தவை. ஒலிம்பிக்கைச் சாக்காக வைத்து முடித்துக்கொண்டார்கள். இன்று வரை அந்த ஊருக்குச் சுற்றுலாக் கூட்டம் குறையவில்லை.

பாரிஸ் 2024ல் நடத்தியபோது 100க்கு 95 பங்கு இடங்கள் ஏற்கெனவே இருந்தவையோ, போட்டி முடிந்ததும் பிரித்து எடுக்கக் கூடியவையோதான். அப்படியும் அரசாங்கப் பணம் சுமார் 660 கோடி யூரோ செலவாயிற்று என்று அந்நாட்டுத் தணிக்கைத் துறை கணக்குக் கொடுத்தது. நம் பணத்தில் 60,000 கோடி ரூபாய்க்கு மேல். சிக்கனமாக நடத்தியதே இந்தத் தொகை என்பதைக் குறித்துக் கொள்ள வேண்டும்.

இவற்றை எல்லாம் பார்த்துத்தான் பல ஊர்கள் விலகிக்கொண்டன. அமெரிக்காவின் டென்வர் நகரத்துக்கு 1976ஆம் வருடக் குளிர்கால ஒலிம்பிக் கிடைத்தே விட்டது. 1972ல் மக்கள் ஓட்டுப் போட்டு வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தார்கள். 2024ஆம் வருடப் போட்டியைக் கேட்ட ஹாம்பர்க்கில் 2015ல் மக்கள் மறுத்தார்கள். பாஸ்டன், ரோம், புடாபெஸ்ட் ஆகியவையும் விலகின. மிஞ்சியவை பாரிசும் லாஸ் ஏஞ்சல்சும். 2017ல் ஒருவருக்கு 2024, மற்றவருக்கு 2028 என்று பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2026 காமன்வெல்த் போட்டியை ஒத்துக்கொண்டுவிட்டு, செலவு இரண்டு மடங்குக்கு மேல் போகிறது என்று 2023 ஜூலையில் கைவிட்டது. அதற்காக 38 கோடி ஆஸ்திரேலிய டாலர் நஷ்ட ஈடும் கொடுத்தது. அந்தப் போட்டியை ஏற்ற கிளாஸ்கோ, பத்தே விளையாட்டுகள், இருக்கிற மைதானங்கள் என்று சுருக்கிக்கொண்டது. அட்வான்ஸ் போனாலும் பரவாயில்லை, முழு முதலும் போகவேண்டாம் என்று ஒரு மாநில அரசே முடிவெடுத்ததை நாம் சாதாரணமாக எண்ணிவிடக் கூடாது.

டெல்லி தரும் பாடம்

வெளிநாட்டுக் கதை எதற்கு, நம் நாட்டிலேயே இரண்டு கணக்கு இருக்கிறது.

1982 நவம்பர், டிசம்பரில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. நேரு விளையாட்டரங்கம், இந்திரா காந்தி உள்ளரங்கம், மேம்பாலங்கள் ஆகியவை வந்தன. அந்த வருடம்தான் நாட்டில் கலர் டெலிவிஷன் ஒளிபரப்பும் வந்தது. கலர் டி.வி. விற்பனை ஊர் ஊராகப் பரவியதை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். போட்டி நடந்தது டெல்லியில். வியாபாரம் நடந்தது நாடு முழுவதும்.

2010 அக்டோபர் 3 முதல் 14 வரை அதே டெல்லியில் காமன்வெல்த் போட்டி நடந்தது. இடம் கேட்டபோது சொன்ன தொகை சுமார் 1,200 கோடி ரூபாய். மத்தியத் தணிக்கை அதிகாரி 2011 ஆகஸ்டில் கொடுத்த அறிக்கையில் வந்த தொகை 18,532 கோடி ரூபாய். பதினைந்து மடங்கு. போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கையில் மைதானத்தருகே நடைபாலம் இடிந்து தொழிலாளர்கள் காயப்பட்டார்கள். ஊழல் வழக்குகள் வந்தன. மெட்ரோ ரயில் நீண்டது, புதிய விமான நிலையக் கட்டடம் வந்தது என்பது வரவுப் பக்கம். ஆனால் அந்த மெட்ரோவும் விமான நிலையமும் போட்டி இல்லாவிட்டாலும் டெல்லிக்குத் தேவைதான்.

நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறு. ஊரை அழகாக்குவதற்காக டெல்லியில் தெருவோர வியாபாரிகளை அப்புறப்படுத்தினார்கள். காய்கறி வண்டி, டீக்கடை, பூரிக்கடை எல்லாம் போயின. உலகமே ஊருக்கு வருகிறது என்ற நாளில் அந்த ஊர்ச் சிறு வியாபாரிக்கு மட்டும் ஊரில் இடம் இல்லை. தெரு வியாபாரி நின்றால் அவருக்குச் சரக்குப் போடும் மொத்தக் கடையும் நிற்கும் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை.

கூட்டம் வந்தால் வியாபாரம் வருமா?

கூட்டம் வந்தால் வியாபாரம் பெருகும் என்பார்கள். காஞ்சிபுரத்து வியாபாரிகளான நாங்கள் இதை நேரில் பார்த்தவர்கள். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் அத்திவரதர் வைபவம் நடந்தது. 1979க்குப் பிறகு நாற்பது வருடம் கழித்து அனந்தசரஸ் குளத்திலிருந்து பெருமாள் எழுந்தருளினார். வந்து தரிசித்தவர்கள் ஒரு கோடிக்கு மேல். எங்கள் ஓரிக்கையில் தற்காலிக பஸ் நிலையம் போட்டார்கள். பெருமாளைக் காணக் கொடுத்து வைத்தோம் என்பதில் சந்தேகம் இல்லை. அது பக்தி. இங்கே நாம் பார்ப்பது வியாபாரக் கணக்கு மட்டுமே.

யாருக்கு வியாபாரம் நடந்தது? தண்ணீர் பாட்டில், டீ, டிபன், வாழைப்பழம், பிஸ்கட், பூ, துளசி விற்றவர்களுக்கு நடந்தது. ஆட்டோவுக்கும் லாட்ஜுக்கும் நடந்தது. வீட்டுத் திண்ணையில் மேசை போட்டு மோர் விற்றவர்கள்கூட நாலு காசு பார்த்தார்கள். அது நல்லதே.

யாருக்கு நடக்கவில்லை? வெளியூர் வண்டிகளை ஊர் எல்லையிலேயே நிறுத்தினார்கள். அவ்வளவு கூட்டத்துக்கு வேறு வழியும் இல்லை. ஆனால் உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்தும் செய்யாறு பக்கத்திலிருந்தும் வாரம் ஒருமுறை வந்து மளிகை எடுக்கும் கிராமத்துக் கடைக்காரர் என்ன செய்வார்? வேறு ஊருக்குப் போய் எடுத்தார். சரக்கு லாரி இரவில்தான் உள்ளே வர முடிந்தது. இறக்குக்கூலி இரட்டிப்பாயிற்று. பட்டுக்கடைகளுக்கு ஆடி மாதம் எப்போதும் மந்தம்தான். ஆனாலும் ஆவணி முகூர்த்தத்துக்கு ஆடிக் கடைசியிலேயே வந்து புடவை பார்க்கும் குடும்பங்கள் உண்டு. ஊருக்குள் நுழைய முடியாது என்று கேள்விப்பட்டு அவர்களில் பலர் வரவில்லை. தரிசனத்துக்கு வந்தவரோ எட்டு மணி நேரம் வரிசையில் நின்று கால் கடுத்து, பஸ்ஸைப் பிடித்தால் போதும் என்று போனார். கோடிப் பேர் கடைவாசலைத் தாண்டிப் போனார்கள். படியேறியவர்கள் சிலரே. ஜூலை 18ஆம் தேதி நெரிசலில் நால்வர் இறந்த துயரத்தையும் ஊர் மறக்கவில்லை.

கூட்டம் முடிந்த மறுநாள் சில கடைகளில் தண்ணீர் பாட்டில் கூரை வரை அடுக்கி நின்றது. கூட்டம் நின்றதும் அது தேங்கிய சரக்கு. தண்ணீர் பாட்டிலை ஒரு மாதத்தில் விற்றுவிடலாம். 60,000 பேர் உட்காரும் மைதானத்தை என்ன விலைக்கு யாரிடம் தள்ளுவது?

இது காஞ்சிபுரத்தில் மட்டும் நடப்பதல்ல. 2012ல் லண்டனில் ஒலிம்பிக் நடந்த ஆகஸ்ட் மாதத்தில் பிரிட்டனுக்கு வந்த வெளிநாட்டார் தொகை, முந்தின வருட ஆகஸ்டைவிடக் குறைந்தது. ஒலிம்பிக் கூட்டத்துக்குப் பயந்து வழக்கமான சுற்றுலாக்காரர்கள் வரவில்லை. வந்தவர்கள் கைவிட்டுச் செலவழித்தார்கள் என்பது உண்மை. ஆனால் நகர நடுவே இருந்த கடைத்தெருக்கள் வெறிச்சோடின என்று அந்த ஊர் வியாபாரிகள் குறைப்பட்டார்கள். 2024ல் பாரிசில் போலீஸ் தடுப்புக்குள் மாட்டிக்கொண்ட கடைகளுக்கு நஷ்ட ஈடு கொடுக்க அரசாங்கமே குழு அமைக்க வேண்டி வந்தது.

இதைவிட வேடிக்கை ஒன்று. ஒலிம்பிக்குக்குப் பணம் கொடுக்கும் பெரிய கம்பெனிகளுக்குத் தனி உரிமை உண்டு. லண்டன் ஒலிம்பிக் பூங்காவுக்குள் உருளைக்கிழங்கு சிப்ஸ் விற்கும் உரிமை மெக்டொனால்ட்ஸ் கம்பெனிக்கு மட்டும். மீனோடு சேர்த்து விற்றால் மற்றவர்கள் விற்கலாம், தனியாக விற்கக் கூடாது. உருளைக்கிழங்கு வறுவலுக்கே ஊருக்குள் ஒருவர் ஏகபோகம் என்றால், நம் முறுக்குக்கும் கடலைமிட்டாய்க்கும் என்ன கதி? ஐந்து வளையத்தைக் கடை விளம்பரத்தில் போட்டாலும் வழக்கு வரும். ஊர்ச் செலவில் நடக்கும் திருவிழாவில் ஊர்க்காரர் கடை போட முடியாது என்பதை எந்த வணிகர் சங்கமும் பேசாமல் ஏற்கக் கூடாது.

மாமல்லபுரத்துக் கணக்கு

நமக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. 44வது செஸ் ஒலிம்பியாட் 2022 ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 10 வரை மாமல்லபுரத்தில் நடந்தது. ரஷ்யாவில் நடக்க இருந்தது, உக்ரைன் போரினால் அங்கிருந்து மாற்றப்பட்டது. தமிழக அரசு உடனே கேட்டு வாங்கியது. கையில் இருந்த காலம் சுமார் நாலு மாதம். அரசு ஒதுக்கிய பணம் 92 கோடி ரூபாய். 180க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து ஆட வந்தார்கள். வேட்டி சட்டை கட்டிய குதிரை 'தம்பி' ஊர் ஊராய் நின்றது. சென்னை நேப்பியர் பாலம் முழுக்கச் சதுரங்கக் கட்டம் வரைந்தார்கள். பொது ஆட்டத்தில் இந்தியாவின் இரண்டாம் அணியும், பெண்கள் பிரிவில் இந்தியாவின் முதல் அணியும் வெண்கலம் வாங்கின.

இதில் நாம் கவனிக்க வேண்டியது என்ன? ஆட்டம் நடந்தது ஓட்டல் வளாகத்தில். பின்னால் பராமரிக்க வேண்டிய பெரிய மைதானம் எதுவும் அரசாங்கத்தின் தலையில் விழவில்லை. சதுரங்கம் ஏற்கெனவே நம் ஊர்ப் பிள்ளைகள் ஆடும் ஆட்டம். வந்தவர்கள் கடற்கரைச் சாலை ஓட்டல்களில் தங்கினார்கள், சிற்பங்களைப் பார்த்தார்கள், போனார்கள். ஊர்த் தெரு அடைபடவில்லை. நம்மிடம் இருக்கும் சரக்கைக் கொண்டே கடையை ஜோடித்தது போல.

சென்னையில் 1995 டிசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. ஏழு நாடுகள் கலந்துகொண்டன. அப்போது பயன்பட்ட நேரு விளையாட்டரங்கம் சும்மா கிடக்கவில்லை, பின்னாளில் கால்பந்து லீக் ஆட்டங்களும் அங்கே நடந்தன. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் போட்டி சென்னை, மதுரை, திருச்சி, கோவை என்று நாலு ஊர்களில் பிரித்து நடந்தது. சுமையை நாலு தோளில் பிரித்தால் எந்தத் தோளும் முறியாது. அகலக்கால் வைக்காமல் அளந்து கால் வைக்கும் வழி நமக்குத் தெரியாததல்ல.

ஆதரிப்பவர்கள் சொல்வது

ஒலிம்பிக் வேண்டும் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 140 கோடி மக்கள் உள்ள நாடு ஒருமுறைகூட ஒலிம்பிக் நடத்தவில்லை. உலகத்தார் வந்து பார்த்தால் நம் பொருளுக்கும் மதிப்பு. கிராமத்துப் பிள்ளைக்கு ஓட ஒரு நல்ல தடம் கிடைக்கும். அரசாங்க வேலை எல்லாம் தேதி குறித்தால்தான் முடியும், ஒலிம்பிக் வந்தால் மெட்ரோவும் வடிகாலும் குறித்த நாளில் முடியும் என்கிறார்கள். இது ஓரளவு உண்மை. வீட்டில் கல்யாணம் வந்தால்தானே வெள்ளை அடிக்கிறோம்?

ஆனால் வெள்ளை அடிப்பதற்காகக் கல்யாணம் செய்வார் உண்டா? குடிநீரும் சாக்கடையும் பஸ்ஸும் ஊருக்கு வேண்டியவை. அவற்றை நேராகவே செய்யலாம். பிள்ளைகளுக்கு விளையாட்டு வேண்டும் என்றால், ஒன்றியத்துக்கு ஒரு மைதானமும் ஒரு பயிற்சியாளரும் போடலாம். பெருமை என்பது மைதானம் கட்டி வருவதைவிட, பதக்கம் வாங்கி வருவதில் அதிகம். 2024 பாரிசில் நாம் வாங்கியது 6 பதக்கம், அதில் தங்கம் ஒன்றுகூட இல்லை. விருந்து வைக்கிற வீட்டுப் பிள்ளைகள் பந்தியில் உட்கார இலை இல்லாமல் நிற்கக் கூடாது அல்லவா?

நாம் கேட்க வேண்டியவை

மூட்டையில் குத்தூசி போட்டுச் சரக்கைப் பார்க்காமல் நாம் விலை பேசுவதில்லை. நமக்கு வாய்த்த குத்தூசி 2030 காமன்வெல்த் போட்டி. ஆமதாபாத்தில் அது எப்படி நடக்கிறது, சொன்ன தொகைக்கும் முடிந்த தொகைக்கும் எவ்வளவு வித்தியாசம், மைதானங்கள் பிறகு என்ன ஆகின்றன என்று பார்த்துவிட்டு ஒலிம்பிக்கைப் பற்றிக் கடைசி முடிவு எடுப்பதே முறை. உலகிலேயே பெரிய கிரிக்கெட் மைதானம் அங்கே இருக்கிறது. இருப்பதை வைத்து எவ்வளவு நடத்துகிறார்கள் என்பதே முதல் பரீட்சை.

நாளை சென்னையோ வேறு தமிழக நகரமோ ஒரு பெரிய போட்டியைக் கேட்கப் புறப்பட்டால், வணிகர் சங்கங்கள் கீழ்க்கண்டவற்றைக் கேட்க வேண்டும் என்பது நமது கருத்து.

1. செலவுக்கு உச்ச வரம்பு எழுத்தில் வேண்டும். தாண்டினால் யார் பொறுப்பு என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே சட்டசபையில் சொல்ல வேண்டும்.

2. புதிய கட்டடம் ஒவ்வொன்றுக்கும், போட்டி முடிந்தபின் யார் பயன்படுத்துவார், யார் பராமரிப்பார் என்ற பெயர் இருக்க வேண்டும். பெயர் இல்லாத கட்டடம் வேண்டாம்.

3. கடனுக்காகத் தனி வரி போடுவதில்லை என்ற உறுதி வேண்டும். மாண்ட்ரியல் கடைக்காரர் கதை நமக்கு வரக்கூடாது.

4. எந்தெந்தத் தெரு எந்த நாள் அடைபடும், சரக்கு லாரி எந்த நேரம் வரலாம் என்பதை ஆறு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். அதை முடிவு செய்யும் குழுவில் வணிகர் பிரதிநிதி இருக்க வேண்டும். அடைபட்ட நாளுக்கு நஷ்ட ஈடு, முந்தின வருட ஜி.எஸ்.டி. கணக்கைப் பார்த்துக் கொடுக்கலாம். கணக்கு அவர்களிடமே இருக்கிறது.

5. தெருவோர வியாபாரிகளை ஓட்டக் கூடாது. 2014ஆம் வருடத் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதன்படி மாற்று இடம் கொடுக்க வேண்டும்.

6. மைதானத்துக்குள்ளும் வெளியிலும் உள்ளூர்த் தின்பண்டத்துக்கும், கைத்தறிக்கும், கைவினைப் பொருளுக்கும் ஒரு பங்கு இடம் ஒதுக்க வேண்டும். வந்த விருந்தாளிக்குப் போர்த்தும் சால்வை நெசவாளர் தறியிலிருந்து வர வேண்டும்.

7. செலவுக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிட வேண்டும். மாதா மாதம் கணக்குக் காட்டாவிட்டால் நமக்கு அபராதம் போடும் அரசாங்கம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கணக்குக் காட்டுவது அதிகம் அல்ல.

இந்த ஏழுக்கும் சரி என்று பதில் வந்தால், ஒலிம்பிக் வரட்டும், நாமும் வாழை மரம் கட்டி வரவேற்போம். இவற்றுக்குப் பதில் சொல்லாமல் நாட்டின் பெருமை என்று மட்டும் சொன்னால், அந்த வியாபாரத்தில் நாம் இறங்கக் கூடாது. லாஸ் ஏஞ்சல்ஸ் மக்கள் நிபந்தனை போட்டார்கள், லாபம் பார்த்தார்கள். மாண்ட்ரியல் மக்கள் மேயரின் வார்த்தையை நம்பினார்கள், முப்பது வருடம் கட்டினார்கள். இரண்டு ஊரும் நடத்தியது ஒரே விளையாட்டுதான்.

பெரிய விழா எதுவாக இருந்தாலும், அது வருவதற்கு முன்பே சங்கத்தில் கூடிப் பேசி, கோரிக்கையை எழுதிக் கலெக்டரிடம் கொடுத்துவிட வேண்டும். தெருவை அடைத்தபின் கடையடைப்புப் போராட்டம் செய்வதில் பயன் இல்லை. கடைதான் ஏற்கெனவே அடைந்து கிடக்குமே! ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் அடுத்த செயற்குழுவில் இதைப் பேசி, தங்கள் ஊரில் பெரிய விழாக்களின்போது கண்ட லாப நஷ்டங்களை எழுதி வைத்துக்கொண்டால், கேட்கும் நாளில் நம் கையில் கணக்கு இருக்கும். கணக்கு உள்ளவன் பேச்சுக்குத்தான் சபையில் மதிப்பு.